அம்மா நேராக, நான் தலைகீழாக

பெசாக், அக்டோபர்

அன்பு மகள் சொலாஞ்சுக்கு அப்பா ஃபிர்மேன் எழுதுவது. இங்கே நானும் பூனையும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். கல்லறைத் திருநாளுக்கு வர முடியாது, வேலை அதிகம் என்று எழுதியிருந்தாய். வராவிட்டால் போகிறது, இங்கே வீடு கொள்ளாத கூட்டம்.

எல்லாம் ஒரு பதக்கத்தால் வந்தது. ஒரு பக்கம் உன் அம்மா முகம், மறுபக்கம் என் முகம் என்று, நண்பன் காஸ்தோனின் பட்டறையில் நானே அச்சுப் பூட்டி வெள்ளியில் அடித்தேன். பதக்கம் என்றால் புத்தகத் தாளைப்போலத் திருப்பினால் இரண்டு முகமும் நேராக நிற்க வேண்டும். ஆனால் நான் ஆயுள் முழுக்க இந்த ஊர் நாணயச் சாலையில் பிராங்க் நாணயம் அடித்தவன் ஆயிற்றே! பிராங்கில் ஒரு பக்கம் நேராக நின்றால் மறுபக்கம் தலைகீழாக நிற்கும்; தலைகுப்புறப் புரட்டினால்தான் நேராகும். பழகிய கை அச்சை அப்படியே பூட்டிவிட்டது. அம்மாவின் தலைக்கு மேல் வளையம் வைத்துச் சமையலறை ஜன்னலில் தொங்கவிட்டேன். காற்றடித்துத் திரும்பினால் நான் வௌவால்.

அன்றிலிருந்து ஆள் மாற்றி ஆள். பக்கத்து வீட்டு மதாம் கசோ வந்து, "என்ன முசியே, இப்பவும் உங்க மதாம் முன்னாடி தலைகீழாத்தான் நிக்கிறீங்களா?" என்றாள். தபால்காரர், "ரெண்டு பேருக்கும் இன்னும் சண்டை தீரலையா?" என்றார். பாதிரியார் ஒரு கோப்பை ஒயின் குடித்துவிட்டு, "நல்லவேளை, அந்தம்மாவாவது நேரா இருக்காங்க" என்றார். காஸ்தோன் சும்மா இருப்பானா? "யோவ் ஃபிர்மேன், பிராங்க் செத்து யூரோ வந்து எத்தனை வருஷமாச்சு, உன் கை இன்னும் அதுக்கே வேலை பாக்குதேய்யா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். இவர்களுக்குக் காபி போட்டே எனக்கு மாளவில்லை. நீ வந்தாலும் உட்கார நாற்காலி இருக்காது.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. உன் இரு கன்னங்களிலும் அப்பாவின் முத்தம். குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள்.

ஃபிர்மேன்

பின்குறிப்பு: மதாம் கசோ கோடையிலேயே மகன் வீட்டோடு போய்விட்டாள். தபால்காரர் வாசல் பெட்டியைத் தாண்டுவதில்லை. பாதிரியார் அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு வரவில்லை. காஸ்தோன்கூடப் பதக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் காகிதத்தில் சுற்றித்தான் கொடுத்தான். மேலே அவர்கள் பேசியதெல்லாம் ஜன்னலைப் பார்த்து நானே பேசிக்கொண்டது. நான் தலைகீழாகத் தொங்குவதை இன்னும் ஒருவரும் பார்க்கவில்லை. ஒரே ஒரு நாள் வந்து சிரித்துவிட்டுப் போ, சொலாஞ்ச்.