ஒருநாள் முன்னதாக வரவும்

பயணியர் விடுதியின் ஒன்றாம் எண் அறையை முன்கூட்டியே யாருக்கும் ஒதுக்கக் கூடாது. எந்த நேரத்திலும் ஓர் உயர் அதிகாரி வந்து இறங்கலாம் என்பதால் அது எப்போதும் காலியாக இருக்க வேண்டும். விதி அவ்வளவுதான். முப்பத்துநான்கு வருடம் அரசாங்கத்தில் இருந்தவன் நான். விதி மீறியவர்களுக்கு விளக்கம் கேட்டு எழுதியே விரல் தேய்ந்தவன். நானே மீறிய ஒரே விதி இது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த காலம். கள்ளக்குறிச்சியில் இளநிலை உதவியாளராக இருந்தேன். வயது இருபத்தாறு. என் ராஜ்ஜியம் விடுதியின் அறை ஒதுக்கீட்டுப் பதிவேடு.

சென்னையில் ஒரு மகளிர் கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளர் ரேவதி. கல்வராயன் மலையில் செடி கொடிகளைக் காட்டுவதற்காக மாணவிகளை அழைத்து வருவார். முதல் வருடம் அலுவலகத்தின் சார்பில் நானும் கூடப் போனேன். வழிகாட்டி, வெள்ளிமலைப் பக்கத்து சடையன். பாதி மலையில் ரேவதி ஒரு மரத்தைக் காட்டி, "இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?" என்று கேட்டார்.

"அலுவலகத்துல விசாரிச்சுச் சொல்றேன் மேடம்" என்றேன்.

பாறைமேல் உட்கார்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டினேன். (மரத்தின் பெயரையும் விசாரித்து வைத்தேன்.)

மறு வருடம் அவரிடமிருந்து கடிதம் வந்தது: "சனிக்கிழமை காலை வந்து நேரே மலைக்குப் போகிறோம். இரவுக்குச் சாதாரண அறைகள் போதும்."

போதுமா? நான் உட்கார்ந்து யோசித்தேன். நல்ல அறை கொடுப்பதா, ஒருநாள் முன்னதாக வரச் சொல்வதா? சாதக பாதகங்களைத் தனித்தாளில் எழுதி, எனக்கு நானே குறிப்பு வைத்து, இரண்டையும் அனுமதித்தேன். "வழிகாட்டி காலை ஐந்து மணிக்கே புறப்படுவதால், வெள்ளிக்கிழமை மாலையே வந்து தங்குதல் உசிதம். தங்களுக்கு ஒன்றாம் எண் அறை ஒதுக்கப்பட்டுள்ளது" என்று பதில் போட்டேன். பச்சைப் பொய். சடையன் பத்து மணிக்கு முன் வந்ததே கிடையாது. போன வருடம் அவனுக்காக ரேவதியும் நானும் விடுதி வாசலில் காத்துக் கிடந்திருக்கிறோம். அவர் மறந்திருக்க வேண்டுமே என்று கவலைப்பட்டேன். "ஒருநாள் முன்னதாகவே வருகிறோம்" என்று உடனே ஒப்புதல் வந்தது.

விடுதிக் காவலர் முனுசாமிக்குத்தான் சந்தேகம்.

"இன்னா சார், ஒண்ணாம் நம்பரா? பெரியவங்க தங்கற ரூமாச்சே?"

"அவங்களும் பெரியவங்கதான்."

"வயசுலயா சார், உத்தியோகத்துலயா?"

"வேலையைப் பாரு முனுசாமி."

"பாத்துக்கினுதான் சார் கீறேன்."

வெள்ளிக்கிழமை மதியமே அறையைத் தயார் செய்தேன். புதுச் சோப்பு, தண்ணீர்க் கூஜாவில் ரோஜாப்பூ. மேஜையில் ஒரு சீட்டு: "ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். தாங்கள் பார்க்கும் நேரத்தில் அலுவலக ஜன்னலிலிருந்து நானும் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்." இரண்டு நாள் திருத்தி எழுதிய வாக்கியம்.

அன்று காலையிலிருந்தே போராட்டக்காரர்கள் நெடுஞ்சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். ரேவதி வந்த பஸ் எலவனாசூர்கோட்டையில் நின்றுவிட்டது. சாலை நிலைமையைப் பார்வையிட சேலம் பக்கமிருந்து ஜீப்பில் வந்த உயர் அதிகாரி நேரே ஒன்றாம் எண் அறைக்குள் போனார். ஐந்தே நிமிடத்தில் என்னைக் கூப்பிட்டார். கையில் சீட்டு.

"நீ எழுதினதா?"

"ஆமாம் சார்."

"நான் மலையைப் பார்க்கிறப்போ நீ எதுக்குய்யா பார்க்கணும்?"

"நீங்க இல்ல சார்…"

"வேற யாரு?"

"பாட்டனி சார்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போன் பக்கத்துல உட்காரு. நான் சொல்ற வரைக்கும் நகரக் கூடாது" என்றார். பூவையும் சோப்பையும் திருப்பித் தரவில்லை.

சனிக்கிழமை முனுசாமியின் மச்சான் எலவனாசூரிலிருந்து வியர்க்க விறுவிறுக்க சைக்கிளில் வந்தான்.

"பஸ்ஸு ஜனம் மொத்தமும் பள்ளிக்கூடத்துல கீது சார். ஊர்க்காரங்க சோறாக்கிப் போட்டுக்கினு கீறாங்க. ஒரு டீச்சரம்மா மட்டும், கள்ளக்குறிச்சி ஆபீசுலேருந்து யார்னா வந்தாங்களான்னு கேட்டுக்கினே கீறாங்க."

முனுசாமி சைக்கிளை என் பக்கம் திருப்பி நிறுத்தினான். "போய்ட்டு வா சார். மறியல் பஸ்ஸுக்குத்தான், சைக்கிளுக்கு இல்ல. போனை நான் பாத்துக்கறேன்."

மிதித்தால் இரண்டு மணி நேரம். வேறு எவனாக இருந்தாலும் ஏறி மிதித்திருப்பான். நான் உட்கார்ந்து, பணியிடத்தை விட்டு வெளியே செல்ல அனுமதி கோரும் விண்ணப்பம் எழுதினேன். அதிகாரி அந்தச் சோப்பில் குளித்து முடித்து வந்து, நின்றபடியே படித்து, "அவசியமில்லை" என்று எழுதிக் கொடுத்தார்.

ஞாயிறு காலை, போலீஸ் காவலோடு அந்த பஸ்ஸைச் சென்னைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்றே ரேவதிக்கு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு எழுதினேன். சடையன் ஐந்து மணிக்கு வரமாட்டான் என்பதை, பொய் சொன்ன காரணத்தை, சைக்கிளை, விண்ணப்பத்தை. எனக்கு வேறு விதமாக எழுத வராததால் அலுவலகத் தாளில்தான் எழுதினேன். கை பழக்கத்தில் கீழே ஒரு வரியும் சேர்ந்துவிட்டது: "பதிலில் பெயரைத் தவிர்த்து, பதவியையும் கோப்பு எண்ணையும் மட்டும் குறிப்பிடவும்."

நாலாம் நாள் என்னைத் திருக்கோவிலூருக்கு மாற்றினார்கள். அங்கே தினமும் தபால் வரும் நேரத்தில் என்னை இருக்கையில் பார்க்க முடியாது; பழைய அலுவலகத்துக்கு வரும் பதிலை இங்கே திருப்பி அனுப்புவார்கள் என்று வாசலில் நிற்பேன். நினைவூட்டு அனுப்ப முப்பது நாள் கழிய வேண்டும் என்பது நடைமுறை. கழிந்தது, கூடவே என் தைரியமும் கழிந்துவிட்டது. இரண்டு வருடத்தில் வீட்டில் பார்த்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டேன். நல்லவள். மலைப் பக்கம் போகலாமா என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு ஏதாவது வேலை வந்துவிடும்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது பழைய கோப்புகளை இடம் மாற்றினார்கள். மூன்று வருடத்தில் அழித்திருக்க வேண்டிய கோப்பு ஒன்று, அழிக்கும் உத்தரவு வராததால் பிழைத்துக் கிடந்திருக்கிறது. என் கையெழுத்தைப் பார்த்த ஒரு புதிய உதவியாளர் அதை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். வாங்கியது என் மனைவி. உள்ளே இருந்த ரேவதியின் பதிலை முதலில் படித்ததும் அவள்தான்.

"தங்கள் கடிதம் கிடைத்தது. மழை விட்டதும் ஒரு வெள்ளிக்கிழமை வருகிறேன். மாணவிகள் இல்லை, நான் மட்டும். எந்த அறையானாலும் சரி. எந்த வெள்ளிக்கிழமை என்று நீங்களே எழுதுங்கள்."

ஓரத்தில், எனக்குப் பின் அந்த இருக்கைக்கு வந்தவரின் குறிப்பு: "வருகைத் தேதி தெரிவிக்கப்படவில்லை. மேல் நடவடிக்கை தேவையில்லை. கோப்பை முடிக்கலாம்."

"லவ் லெட்டருக்கு ஃபைல் நம்பர் போட்ட மனுசன் ஊரு ஒலகத்துல நீங்க ஒருத்தர்தாங்க" என்றாள் மனைவி. இப்போது வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்குக் காபிக்கு முன்னால் இந்தக் கதைதான் கிடைக்கிறது. மருமகன் எதைக் கேட்டாலும், "மாமாகிட்ட எழுதிக் குடுங்க மாப்ள" என்கிறாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் முதல்முறை அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டியபோது அவள் சிரிக்கவில்லை. "பாவம், எத்தனை வெள்ளிக்கிழமை பாத்தாங்களோ" என்றாள்.

உறையிலிருந்த முத்திரைப்படி, என் கடிதம் போன ஒன்பதாம் நாளே பதில் அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. என் கைக்கு வந்தது டிசம்பர் பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை.