ஆறு கோரும் அடியில் ஒரு பொட்டும்

கீரமங்கலத்திலிருந்து ஆலங்குடி போகிற ரோட்டில் நான் நடந்துகொண்டிருந்தபோது மணி மூன்று. சட்டைப் பையில் ஒரு பிராசசர் இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்திருக்கலாம். ஆனால் மச்சான் வீட்டு வாசலில் நின்று, "இனிமே இந்தப் படியை மிதிச்சா என் பேரை மாத்திக்கிறேன்" என்று கத்திவிட்டு, அதே வாசலுக்கு எதிரே இருக்கிற ஸ்டாப்பில் போய் நிற்பது மரியாதையாக இருக்காது. அதனால் நடந்தேன்.

இதுவரை பதினோரு ஊர்களிலிருந்து இப்படிக் கிளம்பியிருக்கிறேன். பத்து ஊர்களில் தப்பு ஊர்மேல்தான். இந்த ஒரு தடவை மட்டும் என்மேல். அதை அன்றைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் பாதிதான் ஒத்துக்கொள்கிறேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவரவில்லை. திருப்பூரில் பனியன் மடித்தேன். போர்வெல் லாரியோடு ஆந்திரா, ஒடிசா என்று சுற்றியதில் இடது காது மந்தமாகிவிட்டது. பிறகு சென்னையில், கம்ப்யூட்டர் கடைகள் இருக்கிற தெருவில் மூன்று மாதம் அட்டைப்பெட்டி சுமந்தேன். அந்த மூன்று மாதம்தான் வம்பு. அக்கா வீட்டில் என்னைக் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று நம்பிவிட்டார்கள். (நானும் மறுக்கவில்லை. அதற்கு முன்னால் யாரும் என்னை எதுவும் தெரிந்தவன் என்று நம்பியதில்லை.)

அக்கா மகள் வினோதினி காலேஜில் படிக்கிறாள். போனில் கேம் ஆடியே பேர் வாங்கியவள். ஒரு பெண்கள் அணியில் அவளைச் சேர்த்துக்கொள்ளக் கூப்பிட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தேர்வு ஆட்டம், அதைக் கம்ப்யூட்டரில்தான் ஆட வேண்டும். பழைய மானிட்டர், செகண்ட்ஹேண்ட் போர்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துவிட்டாள். கம்ப்யூட்டருக்கு மூளையான பிராசசர் மட்டும் பாக்கி. மச்சானுக்குப் பூ கமிஷன் வியாபாரம், சாயங்காலத்துக்குள் வாடுகிற சரக்கு. தீர்ப்பும் அதே வேகத்தில்தான் வரும்.

"ஞாயித்துக்கிழமை ஓடலைன்னா திங்கக்கிழமை எல்லாத்தையும் வித்துருவேன். அப்புறம் இந்த வீட்டுல கேமுன்னு ஒரு பேச்சு வரக்கூடாது."

வியாழக்கிழமை அவளுக்குப் பரீட்சை. வாங்க வேண்டிய மாடலின் பெயரை ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்தாள். "மாமா, இதை மட்டும் வாங்குங்க. வேற எதைச் சொன்னாலும் வேணாம்னுருங்க."

புதுக்கோட்டையில் கம்ப்யூட்டர் கடை நடத்துகிறவர் ரெஜினா மேடம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார்.

"தாள்ல இருக்கிறது இது. நாலு கோர். படம் காட்டுற வேலையையும் இதுவே பாத்துக்கும். இன்னொண்ணு ஆறு கோர். வெலை ஒண்ணுதான், வேகம் கூட. ஆனா இதுக்கு..."

"ஆறு குடுங்க."

"முழுசாக் கேளுங்க தம்பி. இதுக்குப் படம் காட்டத் தனியா கிராபிக்ஸ் கார்டு..."

"மேடம், நான் மெட்ராஸ்ல இதே லைன்ல இருந்தவன்."

அவர் பில் போட்டார்.

நியாயத்தைக் கேளுங்கள். எங்கள் பக்கம் தண்ணீர் பாதாளத்தில் கிடக்கிறது. மோட்டாரில் ஸ்டேஜ் கூடக்கூடத் தண்ணீர் உயரத்துக்கு ஏறும். போர்வெல்லுக்கு மோட்டார் வாங்கப் போகிறவனிடம் நாலு ஸ்டேஜா, ஆறு ஸ்டேஜா, விலை ஒன்றுதான் என்று கேட்டால் எவனாவது நாலு என்பானா? மோட்டார் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குழாய் இறக்காவிட்டால் தண்ணீர் மேலே வராது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் அன்றைக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. வினோதினி கடைசிப் பரீட்சைக்குப் போய்விட்டாள். அவள் வருவதற்குள் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று எனக்கு வெறி. புதுச் சாமான் வந்தால் பொட்டு வைக்காமல் அக்கா விடமாட்டாள். சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவந்து, "கேபினட்டுல வையிடா" என்றாள்.

"அது வெறும் தகரம்க்கா. உசுரு இதுலதான் இருக்கு" என்று பிராசசரை எடுத்தேன். மேல்பக்கம் சூடு தணிக்கிற பேஸ்ட் பூச வேண்டிய இடம், அங்கே கை வைக்கக்கூடாது. (சென்னையில் வேடிக்கை பார்த்தே கற்றது.) திருப்பினேன். அடிப்பக்கம் முழுக்கத் தங்க நிறத்தில் ஊசிகள். நடுவில் மட்டும் கொஞ்சம் காலி இடம். பொட்டு வைப்பதற்கென்றே விட்டதுபோல இருந்தது. வைத்தேன். குங்குமமும் வைத்தேன்.

எல்லாவற்றையும் மாட்டி சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்ன மாப்ள, ராத்திரி கேமா?"

மத்தியானம் வினோதினி வந்தாள். திரையைப் பார்க்கவில்லை. கீழே கிடந்த டப்பாவை எடுத்துப் படித்தாள். "மாமா, நான் எழுதிக் குடுத்தது இது இல்லையே."

"அதைவிட ரெண்டு கூட."

"இதுல படமே வராது மாமா. கழட்டுங்க, கடையில மாத்திக் குடுப்பாங்க." கழற்றிக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தாள்.

"இது என்ன?"

"பொட்டு."

மச்சான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. வந்தவரிடம் பிராசசரைக் காட்டி, "மாப்ள நிச்சயதார்த்தம் முடிச்சுட்டாரு, கல்யாணம் ஞாயித்துக்கிழமை" என்றார். அதற்கப்புறம்தான் அதைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு நான் படியைப் பற்றிய சபதம் போட்டது.

ரோட்டில் நடந்தபடியே குச்சியால் சந்தனத்தைச் சுரண்டினேன். பாதி வந்தது. மூன்று ஊசிகள் வளைந்தன. சுரண்டுவதை நிறுத்திவிட்டு அடுத்து வந்த புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறினேன்.

ரெஜினா மேடம் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பூசை போட்ட வண்டியை எந்தக் கடையிலயாவது திரும்ப எடுப்பாங்களா தம்பி? கம்பெனிக்கு நான் என்னன்னு எழுதறது? குங்குமம் ஒட்டியிருக்குன்னா? எதுக்கு அடியில வச்சீங்க?"

"மேல பேஸ்ட் பூசணும்ல. அது எனக்குத் தெரியும்."

கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். சிரிக்கவில்லை. அதற்காக இன்றும் அவரை மதிக்கிறேன். வளைந்தவற்றைத் தையல் ஊசியால் நிமிர்த்தினார், ஸ்பிரிட்டில் பிரஷை நனைத்து மிச்சச் சந்தனத்தைத் துடைத்தார். பிறகு அலமாரியைக் காட்டினார். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு, வேண்டாம் என்று விட்டுப்போன கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய பழைய கிராபிக்ஸ் கார்டு அங்கே இருந்தது.

"ஒரு ஸ்கூல்லேருந்து முப்பது கேபினட் வந்து கெடக்கு. நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு வந்து தூசி தட்டிக் குடுங்க. சாயங்காலம் கார்டை எடுத்துட்டுப் போங்க. கடையில வாயை மட்டும் தொறக்கக் கூடாது."

வினோதினி போன் செய்தாள். "மாமா, ஞாயித்துக்கிழமை நான் ஆடுவேனா மாட்டேனா? அதை மட்டும் சொல்லுங்க."

"ஆடுவ."

ஆடினாள். அணியிலும் இருக்கிறாள். கார்டு போட்ட பிறகு, "நான் எழுதினதைவிட இது நல்லாவே ஓடுது மாமா" என்று அவளே சொன்னாள். அதற்கு யாரும் எனக்கு மாலை போடவில்லை. இப்போதும் அந்த வீட்டில் புது போன், புது மிக்ஸி எது வந்தாலும், மச்சான் அதைத் தலைகீழாகத் திருப்பி, "மாப்ள இன்னும் பாக்கலை போல" என்பார். (ஆமாம், படியை மிதித்தேன். பேரை மாற்றவில்லை.)

ஆனால் சனிக்கிழமை காலை இதெல்லாம் எனக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் படுத்து எழுந்து, குழாயில் முகம் கழுவி, ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் கடைக்குப் போனேன். முதல் கேபினட்டில் எறும்புப் புற்று. இரண்டாவதில் பல்லி முட்டை. மூன்றாவதைத் திறந்தபோது கந்தர்வக்கோட்டைக்காரர் ஒருவர் மகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்க வந்து, மேடம் போனில் பேசிக்கொண்டிருந்ததால் என் பக்கம் குனிந்தார்.

"அண்ணே, நாலு கோரு எடுக்கவா, ஆறு கோரு எடுக்கவா?"

வாயை மூடிக்கொண்டு பிரஷைப் பார்த்தேன். முடியவில்லை.

"ஆறு" என்றேன். பின்னால் மேடத்தின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "கார்டு இருந்தா" என்றேன்.