என் பாதிக் கணினி

இந்த டிசம்பர் ஐந்தாம் தேதி மாலை என்னைப் பார்த்து ஒருவரும் சிரிக்கக் கூடாது. முடிவு செய்துவிட்டேன்.

அன்று எங்கள் ஊரில் சின்டர்கிளாஸ் என்னும் பரிசுப் பண்டிகை. பரிசோடு ஒரு கிண்டல் பாட்டும் வரும். எழுதியவர் பெயர் இருக்காது. பரிசு வாங்குபவரே எழுந்து நின்று உரக்கப் படிக்க வேண்டும். போன வருடம், நான் காலுறைக்கு இஸ்திரி போடுவதைப் பற்றிய பாட்டு. அதிகம் சிரித்தது என்னைப் பெற்ற அம்மா. எழுதியது என் மனைவி ஹன்னெக்கே. பெயர் இல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா?

நான் பால் வண்டி ஓட்டும் குடும்பத்தின் முதல் பட்டதாரி. ஜனவரியில் வக்கீலாக உறுதிமொழி எடுக்கப் போகிறேன். மாமனார் முன்னால் இனியும் காலுறைக்காரனாக நிற்க முடியாது. பாட்டை முன்கூட்டியே படித்து, சபையில் பதிலடி கொடுத்தே தீருவது.

எனவே வீட்டுக் கணினியில் ஓர் உளவு நிரலை ஏற்றினேன். அவள் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் எனக்கு வந்துவிடும்.

குற்றம்தான். சிறை உண்டு. என் இறுதியாண்டு ஆய்வே அந்தச் சட்டத்தைப் பற்றியது. ஆனால் கணினி வாங்கியதில் பாதிப் பணம் என்னுடையது. என் பாதியை நான் உளவு பார்க்கிறேன். அவள் இரண்டு கையாலும் தட்டினால் அதற்கு நானா பொறுப்பு?

"என்ன எழுதுற, ஹன்னெக்கே?"

"சாமான் லிஸ்ட்."

"இவ்வளவு நேரமா?"

"பட்டாணி சூப்புக்கு நிறைய வேணும். ஏன் கெய்ஸ், வேர்க்குது உனக்கு?"

"ஹீட்டர்."

"அது இன்னும் போடவே இல்லையே."

லிஸ்ட்டாம். பாட்டு முழுதும் என்னிடம் வந்துவிட்டது. நான் குறட்டை விடுகிறேனாம். கால்வாய் ஓரம் வாத்தைப் பார்த்தால் சைக்கிளைத் திருப்பிவிடுகிறேனாம். அப்பட்டமான அவதூறு. விடுவேனா? குறட்டை இல்லை என்று டாக்டரிடம் சான்றிதழ் வாங்கினேன். ஒரு வாத்தைப் பக்கத்தில் வைத்துப் புகைப்படமும் எடுத்துக்கொண்டேன்.

பண்டிகை வந்தது. மாமனார் சோபாவில். அம்மா மடியில் இஞ்சி பிஸ்கெட் கிண்ணம். என் பெயர் எழுதிய பொட்டலம் கைக்கு வந்தது. பிரிக்கவில்லை. எழுந்து நின்றேன்.

"இதைப் படிக்கிறதுக்கு முன்னாடி என் பதிலைச் சொல்லிடறேன். நான் குறட்டை விடறதில்ல. இதோ சான்றிதழ். வாத்துக்குப் பயப்படறதில்ல. இதோ போட்டோ."

சான்றிதழை உயரத் தூக்கிக் காட்டினேன்.

"யாருப்பா உன்னைக் குறட்டை விடறேன்னு சொன்னது?" என்றார் அம்மா.

"மாப்பிள்ளை, அந்த வாத்து எதுக்கு?" என்றார் மாமனார்.

"பிரிச்சுப் படிங்க, வக்கீல் சார்," என்றாள் ஹன்னெக்கே.

தூக்கிய கையை இறக்காமல், மற்றக் கையால் பிரித்துப் படித்தேன். வேறு வழி?

*சட்டம் படித்த கெய்ஸ் நம் வீட்டுக் கண்ணியவான்!*
*எட்டியும் பாரான் பிறர் எழுத்தை, புண்ணியவான்!*
*குறட்டை என்றும் வாத்து என்றும் கதை கட்டினேன் பொய்யாக;*
*திருட்டுத்தனமாய்ப் படித்தவன் கை தூக்கட்டும் மெய்யாக!*

என் கையில் சான்றிதழ் உயரத்தான் இருந்தது.

"எப்படித் தெரிஞ்சுது?" என்றேன் மெதுவாக.

"உன் ஆய்வைப் பிழை பார்த்துக் குடுத்தது யாரு? உளவு நிரலைக் கண்டுபிடிக்கிற வழியெல்லாம் நீயே அழகா எழுதியிருந்தியே."

மாமனார் இருமுவது போலத் திரும்பிக்கொண்டார். நான் தலை குனியவில்லை. மௌனம் காப்பது என் சட்ட உரிமை என்று அறிவித்தேன்.

அம்மா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் பிள்ளையைக் கண்ணியவான், புண்ணியவான்னு எவ்வளவு நல்லா எழுதியிருக்கா. குடு இதை."

இப்போது அந்தப் பாட்டு அம்மா வீட்டுக் கழிப்பறையில், ஊர் வழக்கப்படி அங்கே மாட்டியிருக்கும் பிறந்தநாள் காலண்டருக்குப் பக்கத்தில், சொந்தக்காரர்கள் உட்கார்ந்து நிதானமாகப் படிக்கும் உயரத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.