இருபத்தேழும் முப்பத்தொன்றும்

பிரிண்டர் உயிரை விட்ட நேரம் அப்படி. பனிச்சறுக்குப் பந்தயத்தின் கடைசிப் பெண்ணும் கீழே வந்தாகிவிட்டது. தீர்ப்புத் தாளை உடனே பலகையில் ஒட்டியாக வேண்டும். நேவென்கா பிரிண்டரின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள். அது ‘கீச்’ என்று ஒரு சத்தம் போட்டுப் பாதித் தாளை மென்று விழுங்கிக்கொண்டது.

"சிரில், இது போயிடுச்சு. கையாலயே எழுதிடறேன்."

"எதாலயாவது எழுது. எனக்கு விரலே இல்ல," என்றார் தலைமை நடுவர் சிரில். காலையிலிருந்து பனிமூட்டத்தில் நின்றவர், இரண்டு கைகளையும் ஹீட்டர் மேல் வைத்து வாட்டிக்கொண்டிருந்தார்.

ஊர்த் தீயணைப்பு நிலையத்தின் கூடம்தான் பந்தய அலுவலகம். வாரநாட்களில் பல் டாக்டரிடம் நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் நேவென்கா, பனிக்காலத்து ஞாயிறுகளில் இங்கே பந்தயச் செயலாளர். சரிவு நெடுக ஜோடி ஜோடியாகக் கொடிக்கம்பம் நட்டு நாற்பது வாசல் வைத்திருந்தார்கள். சறுக்குகிறவர்கள் வளைந்து வளைந்து எல்லா வாசலிலும் புகுந்து வரவேண்டும். ஒன்றை விட்டாலும் நீக்கம். வாசலருகில் நிற்கும் காவலர், யார் எந்த வாசலை விட்டார் என்று அட்டையில் எழுதி அனுப்புவார். அதைத் தாளில் ஏற்றி, தலைமை நடுவரிடம் கையெழுத்து வாங்கி ஒட்டுவது நேவென்காவின் வேலை. இத்தனை வருஷத்தில் அவள் தாளில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. அந்தப் பெருமையை அவளாகச் சொல்லமாட்டாள். யாராவது கேட்டால்தான் சொல்வாள். கேட்காவிட்டால் கேட்க வைப்பாள்.

அன்று வந்தது ஒரே ஓர் அட்டை. எழுதினாள்: வீராங்கனை எண் 27, விட்ட வாசல் 31. அந்த வாசலில் நின்றது யார் என்று காவலர் பட்டியலில் பார்த்து, ‘காவலர்: லோவ்ரென்ஸ்’ என்றும் சேர்த்தாள். சிரில் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். நேவென்கா வெளியே போய்ப் பலகையில் ஒட்டிவிட்டு வந்து, ரம் ஊற்றிய டீயை வாயருகே கொண்டுபோனாள்.

வெளியே தீயணைப்புப் படையின் வாத்தியக்குழு வாசித்துக்கொண்டிருந்த பாட்டு நடுவில் அறுந்தது. கடைசியாக டிரம்பெட் ஒன்று மட்டும் விஷயம் தெரியாமல் கொஞ்ச தூரம் தனியாகப் போய், அதுவும் நின்றது.

பிறகு கதவு உடைகிற மாதிரி திறந்தது. கறிக்கடை லோவ்ரென்ஸ். கனத்த சறுக்குக்காலணியோடு ‘டக் டக்’கென்று உள்ளே வந்தார்.

"நேவென்கா! நான் எப்ப எழுதினேன்?"

"என்ன எழுதினீங்க?"

"நான் எழுதவே இல்லங்கறேன்! நம்ம மருஷாவை நான் நீக்கிட்டேன்னு என் பேரைப் போட்டு ஒட்டியிருக்கே! அவங்கம்மா என்னைப் பார்க்கற பார்வையில பனி உருகுது. முன்னூறு சடைக் கரடி வந்து என்னைக் கிழிச்சாலும் சரி, என் வாசல்ல ஒருத்தரும் தப்பு பண்ணல!"

நேவென்காவுக்குக் குப்பென்று வியர்த்தது. இருபத்தேழு என்றால் மருஷா. உள்ளூர்ப் பெண். பந்தயத்தில் முதலாக வந்தவள். தேசிய இளையோர் அணிப் பயிற்சிக்கு இந்த ஊரிலிருந்து முதல்முதலாகப் போகவிருக்கும் பிள்ளை.

அட்டையை எடுத்துப் பார்த்தாள். கொட்டை எழுத்தில் இருந்தது: எண் 31, வாசல் 27.

அவள்தான் தாளில் மாற்றி எழுதியிருக்கிறாள்.

"மாதாவே!" என்றாள். டீ மேஜையெல்லாம் ஓடியது.

பேனாவோடு வெளியே பாய்ந்தாள். பலகையைச் சுற்றிக் கூட்டம். மருஷா மட்டும் தள்ளி ஒரு பெஞ்சில், மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நேவென்கா கூட்டத்தை இடித்துக்கொண்டு போய், 27-ஐ அடித்து 31 என்றும், 31-ஐ அடித்து 27 என்றும் எழுதினாள்.

"என்ன செய்றீங்க, அம்மா?"

பின்னால் நின்றவர் ரூப்ரெக்ட். பந்தயம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க மலைக்கு அந்தப் பக்கம் ஆஸ்திரியாவிலிருந்து வந்த மேலிடத்துக் கண்காணிப்பாளர். குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் பயம்.

"சின்னத் தப்பு, சார். சரி பண்ணிட்டேன்."

"கையெழுத்துப் போட்டு ஒட்டின தாள். அதைத் தொட உங்களுக்கு உரிமை கிடையாது. எனக்கே கிடையாது."

"அப்படின்னா இது வேணாம் சார்!" என்று நேவென்கா தாளைச் சரக்கென்று பிய்த்தெடுத்துக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ரூப்ரெக்ட் கண்ணை மூடிக்கொண்டார். "முதல்ல திருத்தினீங்க. இப்ப இல்லாமயே பண்ணிட்டீங்க."

"புதுசு கொண்டு வரேன், சார்!"

ஓடினாள். புதுத் தாள் எடுத்து, எண் 31, வாசல் 27 என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினாள். பழைய தாளைப் பிரித்து மீதியை அப்படியே பார்த்து எழுதினாள். சிரில் இந்த முறையும் படிக்கவில்லை. கொண்டுபோய் ஒட்டினாள். அப்பாடா என்று திரும்புவதற்குள் மறுபடி லோவ்ரென்ஸின் குரல் எழுந்தது.

"ஏம்மா, என்னை இருபத்தேழாம் வாசலுக்கு மாத்திட்டியா? அங்க நின்னது தபால்காரர்! ஏன் மறுபடியும் என் பேரு? ஊர்ல வேற ஆளே இல்லையா உனக்கு?"

மீதியைப் பார்த்து எழுதியபோது அவர் பெயரும் கூடவே வந்துவிட்டிருந்தது.

அதற்குள் அடுத்த பள்ளத்தாக்கின் பயிற்சியாளர் வின்கோ போனைத் தூக்கிப் பிடித்தபடி வந்தான். முப்பத்தொன்றாம் எண் அவனுடைய மாணவி நேஜாவுடையது. அவள் இரண்டாவதாக வந்திருந்தாள்.

"மூணு படம் எடுத்திருக்கேன்! மொதல்ல இருபத்தேழுன்னீங்க. அப்புறம் அடிச்சீங்க. அப்புறம் முப்பத்தொண்ணுன்னீங்க. இன்னும் கொஞ்சம் விட்டா என்னையும் நீக்கிடுவீங்க போலிருக்கே! உங்க ஊர்ப் பொண்ணைக் காப்பாத்த எங்க பொண்ணைப் பலி கொடுக்கறீங்களா?"

"இல்லப்பா, எண்ணை மாத்தி..."

"ஆட்சேபணை! எழுத்துல தரேன்! விசாரணை வையுங்க!"

கூடம் முழுக்க ஆட்கள் ஏறிவிட்டார்கள். நடுவர் குழு தனியாக உட்கார்ந்து பேச ஓர் இடம் இல்லை. பந்தயத் தலைவர்தான் ஊர்த் தீயணைப்புப் படைக்கும் தலைவர். அவர் ஒரு யோசனை சொன்னார். அப்படியாக ரூப்ரெக்ட், சிரில், பந்தயத் தலைவர் மூவரும் தீயணைப்பு வண்டியின் முன்சீட்டில் நெருக்கியடித்து ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நேவென்கா படியில் நின்று, ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே நீட்டி, பேசுவதையெல்லாம் எழுத ஆரம்பித்தாள்.

"எழுதுங்க," என்றார் ரூப்ரெக்ட். "குழு கூடியது."

"எங்கன்னு போடறது, சார்?"

ரூப்ரெக்ட் ஸ்டியரிங்கைப் பார்த்தார். "அலுவலகம்னு போடுங்க."

சிரில் காலை நீட்ட இடம் தேடியபோது முழங்கை எதன் மேலோ பட்டது. சைரன் அலறியது. வாத்தியக்குழு வாத்தியங்களைப் பனியில் போட்டுவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓடிவந்தது. முதலில் வந்தவன் வண்டிக் கதவைத் திறந்து, கண்காணிப்பாளரின் காலரைப் பிடித்து வெளியே இழுத்தான்.

"இறங்குங்க சார், வண்டி வேணும்! எங்க தீ?"

"எங்கயும் இல்ல," என்றாள் நேவென்கா. "இதையும் எழுதணுமா, சார்?"

"எழுதுங்க," என்றார் ரூப்ரெக்ட், காலரைச் சரிசெய்தபடி.

முதல் சாட்சி லோவ்ரென்ஸ்.

"முப்பத்தொண்ணாம் வாசல்ல யாராவது தவறினாங்களா?"

"ஒருத்தரும் இல்ல."

"மூட்டமா இருந்ததே. கண்ணை எடுக்காம பார்த்தீங்களா?"

லோவ்ரென்ஸ் நெஞ்சைத் தட்டினார். "கத்தி பிடிக்கற கண்ணு சார் இது. என் வாசல்ல ஒரு ஈ உள்ள போகாம வெளியில போயிருந்தாலும் நிறுத்திக் கேட்டிருப்பேன்."

"எழுதுங்க. ஈ வேண்டாம்."

அடுத்த சாட்சி, அட்டை எழுதிய ஓய்வுபெற்ற தபால்காரர். அவரைச் சத்திரத்திலிருந்து பாதிச் சாப்பாட்டில் எழுப்பிக் கூட்டிவந்தார்கள். தாடியில் புளித்த முட்டைக்கோஸ் ஒட்டியிருந்தது.

"அந்தம்மா எண்ணைத் தலைகீழா எழுதறாங்க," என்றான் வின்கோ. "இந்தத் தாத்தாவும் தலைகீழா எழுதியிருந்தா?"

"யாருப்பா இவன்?" என்றார் தபால்காரர். "அந்தப் பொண்ணு வாசலை விட்டது மட்டுமா? நேரா என் மேல வந்து, தெர்மாஸை மிதிச்சு நசுக்கிட்டுல்ல போனா! வாய்ல ஊத்த ஒரு சொட்டு இல்லாம நின்னேன்."

"பொய்! எங்க நேஜாவாவது..."

"அதுக்குத்தான் போற போக்குலயே திரும்பி மன்னிப்புக் கேட்டேனே, தாத்தா!" என்று கூட்டத்துக்குள்ளிருந்து நேஜாவின் குரல் வந்தது.

வின்கோ போனைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"எழுதுங்க," என்றார் ரூப்ரெக்ட். "ஒன்று, எண் இருபத்தேழு எந்த வாசலையும் விடவில்லை. நீக்கம் ரத்து. முதலிடம் உறுதி. இரண்டு, எண் முப்பத்தொன்று நீக்கம். மூன்று, இத்தனைக்கும் காரணம் செயலாளரின் கவனக்குறைவு."

நேவென்கா மூன்றாவதில் நிறுத்தினாள். "வெறும் கவனக்குறைவா, கடுமையான கவனக்குறைவா, சார்?"

ரூப்ரெக்ட் மேலே கையைக் காட்டினார். சைரன் இன்னும் மெல்ல முனகிக்கொண்டிருந்தது.

"கடுமையான," என்று நேவென்காவே சொல்லி எழுதிக்கொண்டாள்.

"அடுத்த வருஷத்துக்கு வேற செயலாளரைப் பார்த்துக்கங்க," என்றார் அவர் பந்தயத் தலைவரிடம். அதை எழுதச் சொல்லவில்லை. ஆனாலும் நேவென்கா அதையும் எழுதினாள். எழுத்து மட்டும் கொஞ்சம் கோணிக்கொண்டது.

மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். இந்த முறை சிரில் வரி வரியாக விரல் வைத்துப் படித்தார்.

ரூப்ரெக்ட் நேராக மருஷாவிடம் போய்த் தொப்பியைக் கழற்றினார். "எங்க தவறுக்காக எல்லார் சார்பிலும் மன்னிப்புக் கேட்டுக்கறேன். இவ்வளவு நேரம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாம இருந்தீங்களே. இந்தப் பண்பு பெரிய வீராங்கனைங்ககிட்டகூட நான் பார்த்ததில்லை."

மருஷாவின் முகம் வெளுத்துப்போனது. கூட்டம் கைதட்டியது. அவள் அம்மா மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள். லோவ்ரென்ஸ் எல்லோருக்கும் புளூபெர்ரிச் சாராயம் ஊற்றினார்.

பரிசு மேடையில் பதக்கம் போடும்போதும் அந்தப் பெண் சிரிக்கவில்லை. நேவென்கா தூரத்திலிருந்து பார்த்தாள். பல் பிடுங்கும் அறைக்குள் கூப்பிட்டால் எழுந்து வருகிறவர்களின் முகம் அப்படித்தான் இருக்கும். தன்னால் ஒரு பிள்ளையின் வாழ்க்கையிலேயே பெரிய நாள் பாழாகிவிட்டதே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சத்திரத்துக்குக் கூப்பிட்டார்கள். போகவில்லை.

சாயங்கால வெளிச்சத்தில் கூடம் காலியாகக் கிடந்தது. முடிவுகள் தலைநகருக்குப் போய்விட்டன. ரூப்ரெக்டின் கார் கணவாயைத் தாண்டியிருக்கும். நேவென்கா மேஜையில் காய்ந்துபோயிருந்த டீயைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மருஷா உள்ளே வந்தாள். மார்பில் கட்டியிருந்த எண் துணியைத் திருப்பித் தர வந்திருந்தாள். பதக்கம் கழுத்தில் இல்லை. ஜாக்கெட் பையிலிருந்து ரிப்பன் மட்டும் எட்டிப் பார்த்தது.

"மன்னிச்சுடும்மா," என்றாள் நேவென்கா. "என் கை இத்தனை வருஷம் எழுதின கை. இன்னிக்கு ஏன் இப்படிப் பண்ணிச்சுன்னே தெரியல. எல்லார் முன்னாடியும் உன்னைத் தலைகுனிய வச்சுட்டேன். உங்கம்மா முகத்தை எப்படிப் பார்ப்பேன்?"

மருஷா திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளையும் போட்டாள். எண் துணியை நாலாக மடித்து மேஜையில் வைத்துவிட்டு, மெதுவான குரலில் கேட்டாள்:

"அத்தை, லோவ்ரென்ஸ் மாமா அந்த நேரம் பார்த்துத் திரும்பி நின்னு மூக்கு சிந்திக்கிட்டிருந்தாரே, நான் முப்பத்தொண்ணாம் வாசலை விட்டதை இங்க உக்காந்துக்கிட்டு நீங்க எப்படிப் பார்த்தீங்க?"