சிட்டம்மா செத்த காலைக் காட்சி

தியேட்டரை விட்டு வெளியே வருகிற மனுசனிடம் ஒரு மைக்கை நீட்டிப் பாருங்கள். இடைவேளையிலிருந்து குறட்டை விட்டவன்கூடத் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒளிப்பதிவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுவான். கருத்து இல்லாத ஆள் என்று நம் ஊரில் யாருமே கிடையாது.

நானும் ஒரு தடவை கருத்துச் சொல்லியிருக்கிறேன். மூக்கு ஒழுக, ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, "செத்தவ உள்ளதான் உக்காந்திருக்கா!" என்று அலறுகிற அந்த வீடியோவில் இருப்பவன் நான்தான். (அன்று போட்டிருந்த சட்டையை அதற்குப் பிறகு போடவே இல்லை. போட்டால் டீக்கடையில் அடையாளம் கண்டுவிடுகிறார்கள்.)

அப்போது நான் பி.காம். முடித்துவிட்டு, பரவையில் அப்பாவின் வெங்காயக் கடைக்குப் போகாமல் இருப்பதற்காகச் "சினிமாவுல சேரப் போறேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். சினிமாவில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். என் சினிமாத் தொடர்பு மொத்தமும் சிக்கந்தர்தான். கோரிப்பாளையத்தில் செல்போன் கடை வைத்திருந்த என் காலேஜ் கூட்டாளி. கடை நேரம் போக, தியேட்டர் வாசல்களில் மைக்கோடு நின்று "படம் எப்படிண்ணே?" என்று கேட்டு யூடியூபில் போடுவான்.

ஒருநாள் போன் பண்ணினான்.

"மாப்ள, உனக்கு அழுகத் தெரியுமா?"

"ஏன், யாரு செத்தா?"

"இன்னும் சாகல. நாளைக்குக் காலைக் காட்சில ஒருத்தி சாவா. அவளுக்கு அழுகணும்."

விசயம் இதுதான். புகழ்பெற்ற ஒரு பழைய நாவலைப் படமாக எடுத்திருந்தார்கள். சோகத்துக்கென்றே எழுதப்பட்ட நாவல். அதனாலேயே டிக்கெட் போணியாகவில்லை. முதல் காட்சி முடிந்து யாராவது கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, நாவலை அப்படியே கண் முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள் என்று சொன்னால்தான் அடுத்த காட்சி நிறையும் என்று படத்தை வாங்கியவர் சிக்கந்தரிடம் சொல்லியிருக்கிறார். எனக்குக் கூலி மட்டன் பிரியாணி.

நாவல் எனக்குப் புதிதல்ல. காலேஜில் பாடமாக இருந்தது. நான்தான் அதைத் திறந்ததில்லை. 'சிட்டம்மாவின் துயருக்கான காரணங்களை விளக்குக' என்ற கேள்விக்கு, வறுமை, கல்வியின்மை, மழையின்மை என்று எழுதி பாஸானவன் நான். உண்மையான கதையைப் போஸ்டரில்தான் தெரிந்துகொண்டேன். புருசன் கப்பலேறிப் போகிறான். அவன் செத்துவிட்டான் என்கிறது ஊர். இல்லை என்கிறாள் சிட்டம்மா. பல வருசம் கழித்து உயிரோடு வருகிறவன், அவளை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போகிறான். அவள் கண்மாய்க்குள் இறங்குகிறாள்.

காலை வெயிலிலிருந்து தியேட்டருக்குள் போனதும் கண்ணைக் கட்டிவிட்டது. பழைய தியேட்டர். ஃபேன்கள் கிர் கிர் என்று சுற்றின. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில தலைகள். நடுவரிசையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அழுவதற்குப் பயிற்சி எடுத்தேன். சின்ன வயதில் செத்துப்போன எங்கள் நாயை நினைத்தேன். அது என்னைக் கடித்ததுதான் ஞாபகம் வந்தது.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில்தான் அதைக் கேட்டேன்.

திரையில் சிட்டம்மா அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே, என் பிடரிக்குப் பின்னால் யாரோ, "இன்னைக்கும் வரலையா?" என்று கிசுகிசுத்தார்கள். அடுத்த நொடி திரையிலிருந்து சிட்டம்மா கேட்டாள். "இன்னைக்கும் வரலையா?"

யாரோ ஏற்கெனவே பார்த்த ஆள்போல என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் முதுகு சில்லிட்டது. இது முதல் நாள், முதல் காட்சி.

அடுத்த வசனமும் அப்படியே வந்தது. முதலில் பின்னாலிருந்து, பிறகு திரையிலிருந்து. அதுகூடப் பரவாயில்லை. காதைத் தீட்டிக் கேட்டபோது இன்னொன்று புரிந்தது. இரண்டும் ஒரே குரல். அதே கரகரப்பு, வார்த்தையின் கடைசியில் அதே இழுப்பு. சிட்டம்மா திரையில் இருந்துகொண்டு, எனக்குப் பின்னாலும் இருந்தாள்.

திரும்பிப் பார்க்கலாம்தான். கழுத்து ஒத்துழைக்கவில்லை. இடைவேளையில் விளக்குப் போட்டதும் தைரியம் வந்து திரும்பினேன். பின் வரிசை காலி. ஒரே ஒரு சீட் மட்டும், யாரோ அப்போதுதான் எழுந்து போனதுபோல மெதுவாக மடங்கிக்கொண்டிருந்தது. வெளியே போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வாசலில் சிக்கந்தர் நிற்கிறான். பேய்க்குப் பயந்து வந்துவிட்டேன் என்று அவனிடம் சொல்ல முடியாது. (பிரியாணியும் போய்விடும்.)

விளக்கணைந்தது. சீட் கிறீச்சிட்டது. கிசுகிசுப்பு மறுபடி தொடங்கியது. இந்தத் தடவை அதில் அழுகையும் கலந்திருந்தது.

கடைசிக் காட்சி. கண்மாய்க் கரையில் ஊரே நின்று "வந்துருடி, வந்துரு" என்று கூப்பிடுகிறது. கழுத்தளவு தண்ணீரில் நின்று சிட்டம்மா திரும்பிப் பார்க்கிறாள். இசை இல்லை. தியேட்டரில் ஃபேன் சத்தம் மட்டும். அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பின்னால் நீளமாக ஒரு மூச்சை இழுக்கும் சத்தம்.

"தண்ணி நல்லாத்தான் இருக்கு. நீங்க வீட்டுக்குப் போங்க."

அந்த நேரம் என் வெறுங்காலைக் குளிர்ந்த தண்ணீர் வந்து தொட்டது. கதையில் சொல்வதுபோல இல்லை, நிஜத் தண்ணீர். விரலிடுக்கில் ஏறி, பாதத்தைச் சுற்றி ஓடியது. துள்ளித் திரும்பினேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஏதோ ஒன்று அசைந்தது.

அப்புறம் நான் போட்ட சத்தம் மனுசன் போடுகிற சத்தமில்லை என்று அன்று உள்ளே இருந்தவர்கள் பின்னால் சாட்சி சொன்னார்கள். சீட்டுகளைத் தாண்டி, கையில் சிக்கிய செருப்போடு கதவை முட்டித் திறந்து, வெயிலில் போய் விழுந்தேன். சிக்கந்தரின் கேமரா தயாராக இருந்தது. நேரலை வேறு.

"படம் எப்படிண்ணே?" என்றான், என்னை முன்பின் தெரியாதவன்போல.

நான் சொன்ன கருத்துதான் உங்களுக்குத் தெரியுமே. தேம்பித் தேம்பி அழுதேன். வாங்கிய கூலிக்கு இம்புட்டு நேர்மையாக உழைத்தவன் சினிமாத் துறையில் வேறு யாரும் இருக்க முடியாது.

மறுநாளே தியேட்டர் நிறைந்தது. வந்த கூட்டம் சோகத்துக்கு வரவில்லை, பேய்க்கு வந்தது. சிக்கந்தர் மைக்கோடு நின்று எடுத்த கருத்துகளை இன்றும் மறக்க முடியாது.

"ஃபர்ஸ்ட் ஆஃப்லயும் பேய் வரல, செகண்ட் ஆஃப்லயும் வரல. க்ளைமாக்ஸ்ல வரும்னு பாத்தா அந்தப் பொண்ணே செத்துப்போச்சுண்ணே" என்றார் ஒருவர்.

"எனக்குப் பின்னால யாரோ மூச்சு விட்டாங்க" என்று ஒரு அக்கா நடுங்கினார். "நாந்தான் விட்டேன்" என்றார் அவர் வீட்டுக்காரர்.

தமிழாசிரியர்போல இருந்த ஒருவர், "மூல நாவலில் பேய் கிடையாது. இது எழுத்தாளருக்குச் செய்த துரோகம்" என்று கண் சிவந்தார். படத்திலும் கிடையாது என்பதைச் சிக்கந்தர் அவருக்குச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் சிக்கந்தர் கடையில் உட்கார்ந்து என் பிரியாணியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது தப்பு.

"அண்ணே, அந்த வீடியோவ யூடியூப்லருந்து எடுங்க."

அதே குரல். கரகரப்பு, இழுப்பு எல்லாம் அப்படியே. என் வாயிலிருந்த எலும்பு தட்டில் விழுந்தது. சிக்கந்தர் "யா அல்லா" என்று நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். திரும்பிப் பார்த்தால், வெள்ளைத் துப்பட்டாவைத் தலையில் போர்த்தி, வெயிலில் வியர்த்துப்போய் ஒரு பெண் நிற்கிறாள். கால் தரையில்தான் இருந்தது. (முதலில் அதைத்தான் பார்த்தேன்.)

பெயர் மாரீஸ்வரி. பேரையூர்ப் பக்கம். சென்னையில் டப்பிங் பேசுகிறாள். சிட்டம்மாவாக நடித்த நடிகைக்குத் தமிழ் தெரியாது. அந்தக் குரல் முழுக்க இவளுடையது.

"ஃபர்ஸ்ட் டைம் கதாநாயகிக்குப் பேசியிருக்கேன். உதடு அசையிறதுக்கு முந்தியே மூச்செடுத்துப் பழகிருச்சு. தியேட்டர்னுகூட மறந்து முந்திக்கிட்டுப் பேசிட்டேன். கடைசில அழுகை வந்து தண்ணி பாட்டிலத் தட்டிவிட்டுட்டேன். அதுக்காக அப்படியா கத்துவீங்கண்ணே?"

"பேய்னு நெனச்சுட்டேன்" என்றேன். இருபத்து மூன்று வயது ஆண்பிள்ளை சொல்லக்கூடிய பதிலா அது?

அவள் சிரிக்கவில்லை. அவள் அப்பாவுக்கு இந்த வேலை பிடிக்காது. யார் மூஞ்சிக்கோ நீ எதுக்குப் பேசணும் என்று சண்டை போட்டுப் பேச்சையே நிறுத்தியிருந்தார். பெரியம்மா கெஞ்சியதால் அன்று படத்துக்கு வந்திருந்தார். ஆனால் மகள் பக்கத்தில் உட்காரவில்லை. கடைசி வரிசை மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் கடைசி வரியத்தான் நான் ரொம்ப நல்லாப் பேசியிருந்தேன். அது அவருக்குக் கேக்கல. உங்க சத்தந்தான் கேட்டுச்சு. படம் முடியிறதுக்குள்ள எந்திரிச்சு ஊருக்குப் போயிட்டாரு. இப்ப ஊரெல்லாம் என் குரலப் பேய்க் குரல்னு சொல்லுது."

பிரியாணி அதற்கு மேல் இறங்கவில்லை.

சிக்கந்தர் வீடியோவைத் தூக்கினான். (அதற்குள் அது ஊரெல்லாம் பரவிவிட்டது வேறு விசயம்.) அவன் மச்சானின் காரில் அன்றே மூன்று பேரும் பேரையூருக்குக் கிளம்பினோம். திருமங்கலம் தாண்டியாயிற்று. இரண்டு பக்கமும் கருவேலம், பருத்தி, ஆளில்லாத வெயில். ஊர் நெருங்கும்போது ஒரு கண்மாயைக் காட்டி, "இத நெனச்சுத்தான் அந்த வரியப் பேசுனேன்" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. "இதுல தண்ணியே இல்லையே?"

"பேசும்போது இருந்துச்சு" என்றாள்.

சிக்கந்தர் காரைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினான்.

அவள் அப்பா வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்தும் எழவில்லை. என்னைப் பார்த்ததும்தான் நிமிர்ந்தார்.

"கத்துன தம்பிதான நீ?"

"ஆமாங்கய்யா. மன்னிச்சுருங்க. பயந்துட்டேன். உங்க மக பேசுனதுதான்னு தெரியாது."

"நானும் பயந்துதான்ப்பா போனேன்" என்றார். "மூஞ்சி எவளோட மூஞ்சியோ. சத்தம் எம் புள்ளையோடது. அடுப்பு ஊதுறா, சோறில்லாம படுக்குறா, அழுகுறா. எம் புள்ளதான் எங்கயோ கெடந்து கஷ்டப்படுறான்னு தோணுச்சு. கண்ண மூடிட்டேன். மூடுனா இன்னும் மோசம், பக்கத்துல வந்து பேசுற மாதிரி இருந்துச்சு."

"பெறகு ஏன்ப்பா பாதியில போனீங்க?" என்றாள் மாரி.

"செத்துட்டாளா இல்லையான்னு தெரியாமப் போயிட்டா நல்லதுன்னு நெனச்சேன். அப்படியும் தூங்க முடியல." துண்டை உதறித் தோளில் போட்டார். "கடைசியா என்னதான் சொன்ன?"

மாரி என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை நான் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். அவள் கண்ணை மூடி அந்த நீண்ட மூச்சை இழுத்தாள்.

"தண்ணி நல்லாத்தான் இருக்கு. நீங்க வீட்டுக்குப் போங்க."

பட்டப்பகல். சுள்ளென்று வெயில். சத்தியமாகச் சொல்கிறேன், என் கணுக்கால் வரை குளிர்ந்தது. கட்டியிருந்த ஆடு மெல்லுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தது. சிக்கந்தர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அவள் அப்பா எழுந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். "நல்லாப் பேசியிருக்க" என்றார். பிறகு, "நீயும் வீட்டுக்குள்ள வா. சாப்பிட்டியோ என்னமோ" என்று உள்ளே போனார். அந்தப் படத்தைப் பற்றி நான் கேட்ட கருத்துகளிலேயே கேமராவில் பதியாத ஒரே கருத்து அதுதான்.

அதற்கப்புறம் நான் பேரையூருக்கு அடிக்கடி போனேன். "மன்னிப்புக் கேக்க எம்புட்டுத் தடவதான் மாப்ள போவ?" என்று சிக்கந்தர் கேட்டான். கடைசித் தடவை அம்மா, அப்பா, தாம்பூலத் தட்டு எல்லாம் கூட வந்தன. கடையில் அவள் என்னை "அண்ணே" என்று கூப்பிட்டதை என் தங்கை இன்றும் விடவில்லை.

இப்போது நான் வெங்காயக் கடையில்தான் இருக்கிறேன். மாரி வீட்டிலேயே ஒரு சின்ன அறையில் எதிரொலி வராமல் மெத்தைகளைச் சுற்றிச் சாத்தி, மைக் வைத்து டப்பிங் பேசி அனுப்புகிறாள். சீரியல்களில் அவளுக்குச் சாவுதான் அதிகம். கல்யாணமான புதிதில் பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் மூச்சிரைக்க ஓடிவந்து, "ஐயோ, மருமகளுக்கு என்னாச்சு?" என்று கதறியிருக்கிறார். எங்கள் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "செத்துக்கிட்டிருக்கா. இன்னும் ரெண்டு தடவ சாகணும். நீங்க உக்காருங்க, காபி போடுறேன்" என்றாராம். உறவில் யார் வந்தாலும் "மருமக இருக்காளா, செத்துக்கிட்டிருக்காளா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பையே கழற்றுகிறார்கள்.

வெங்காயத்தைத் தவிர எதிலும் கருத்துச் சொல்லாத என் அப்பா இதில் பெரிய ரசிகராகிவிட்டார். "நேத்து வெசம் குடிச்சது அருமை. இன்னைக்கு மாடிலருந்து விழுந்ததுல உயிர் இல்ல" என்பார்.

போன மாதம் ஒரு மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்த அறையிலிருந்து அழுகைச் சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, கறிவேப்பிலைக் கட்டோடு மாரி வாசலிலிருந்து உள்ளே வந்தாள். அறையில் அழுகை நிற்கவில்லை. நான் அவளைப் பார்த்தேன். அவள் கதவைப் பார்த்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அப்பா மட்டும் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"நானும் அப்பவே நெனச்சேன், இது நம்ம புள்ள இல்லையேன்னு. இழுப்பு சரியில்ல."

பேசிப் பதிந்தது ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரைத்தான் அணைக்காமல் போயிருப்பாள் என்று எல்லோரும் ஒரே குரலில் முடிவு செய்தோம். போய்ப் பார்த்துவிட்டு வா என்று மட்டும் யாரும் யாரிடமும் சொல்லவில்லை.