பூச்சி காணாமல் போன திங்கட்கிழமை

பூச்சி இல்லையே என்று வரப்பில் உட்கார்ந்து அழுத விவசாயப் பட்டதாரி அநேகமாக நான் ஒருத்திதான்.

காட்டு உருளைக்கிழங்கு ஒன்றின் இலையில் பிசுபிசுப்பான நுண்முடிகள் உண்டு. உட்காரும் அசுவினிப் பூச்சி கால் ஒட்டிக்கொண்டு மாட்டிக்கொள்ளும். அந்தக் குணத்தை நாம் சாப்பிடும் ரகத்தோடு கலந்து, பிறந்த செடிகளில் எது மருந்தில்லாமலே பூச்சியைத் தாங்குகிறது என்று பார்ப்பது என் ஆராய்ச்சி. அதற்கு முதலில் பூச்சி வேண்டும். தொண்டாமுத்தூரில் செல்வி அக்காவின் தோட்டத்தில் ஒரு துண்டு நிலம் பிடித்து, செடிகளுக்கு நடுவே பூச்சிக்கு விருந்தாகச் சாதாரண ரகத்தையும் நட்டேன். இந்தப் பனிக்காலம் தவறினால் முனைவர் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

விருந்து களைகட்டியது; இலையெல்லாம் பூச்சி மொய்த்தது. (எண்ணுவதைத் திங்கட்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று போத்தனூர் வீட்டுக்குப் போனது என் நிர்வாகத் திறமை.)

திங்கட்கிழமை ஒரு பூச்சிகூட இல்லை. இலையைப் புரட்டி லென்ஸை வைத்தேன். லென்ஸைத் துடைத்து மறுபடி வைத்தேன். சாத்தியங்களை வரிசைப்படுத்தினேன். ஒன்று, மழை. ஆனால் மண் காய்ந்து கிடந்தது. இரண்டு, விதைக்கிழங்கை மாற்றி நட்டுவிட்டேன். அப்படியானால் போன வாரம் மொய்த்தது எதை? மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உடனே பேராசிரியருக்கு போன் செய்தேன்.

“சார், எல்லாச் செடியும் பூச்சியைத் தாங்குதுங்க சார். சாதாரண ரகம்கூட!”

“பக்கத்துச் செடியைப் பாத்துக் கத்துக்கிச்சாம்மா?”

(அதுவும் சாத்தியம்தானோ என்று ஒரு கணம் யோசித்தேன்.)

அதற்குள் செல்வி அக்கா வரப்பேறி வந்தார். “ஏன் கண்ணு, செடியெல்லாம் இப்பப் பளிச்சுனு இருக்குதா? எங்க ஊட்டுக்காரர உட்டு ரெண்டு டேங்க் மருந்து அடிச்சுப்போட்டேன்.”

“மருந்தா? ஏனுங்க்கா?”

“ரோட்டுல போறவங்கெல்லாம், ‘ஏனுங்க, தோட்டத்தப் பாக்கறதில்லீங்களா’ன்னு கேக்கறாங்க. மானமே போச்சு. நீயும் பாவம், பரீச்சைக்கு வெச்ச செடி. வாத்தியார் பாத்தா மார்க் போயிருமில்ல?”

“அக்கா, அந்தப் பூச்சிதாங்க்கா என் பரீச்சை!”

அக்கா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காதில் இருந்த போனில் பேராசிரியர் இருமுவதுபோல் சிரித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் வரப்பில் உட்கார்ந்தேன்.

ஒரு வருடம் போயே போயிற்று. அடுத்த பனிக்காலம் அதே நிலத்தைக் கேட்டபோது அக்கா ஒரு நிபந்தனை போட்டார். ரோட்டோரம் தகரப் பலகை வைத்தோம்: “இங்குள்ள பூச்சிகள் எங்களுடையவை அல்ல. காலேஜ் அம்மணி வளர்ப்பவை.”

இரண்டு செடிகள் தாங்கின. பட்டமும் வந்தது. அந்த நிலத்தில் இப்போது கத்தரி. பலகையை மட்டும் அக்கா எடுக்கவில்லை. காயில் புழு விழுந்தால் எனக்குத்தான் போன் வருகிறது.

“கண்ணு, உன்ற பூச்சி வந்திருக்குது. வந்து கூட்டிட்டுப் போ.”