எங்கள் வீட்டில் சோபா இல்லை

பெறுநர்: மேலதிகாரி ஐயா அவர்கள்,
தாயையோ தகப்பனையோ இழந்த மாணவர்களுக்கான உதவித்தொகைப் பிரிவு.

மரியாதைக்குரிய ஐயா,

நீங்களும் உங்கள் வீட்டாரும் உங்கள் உத்தியோகமும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆனால் அந்த ஐந்து வகுப்பிலும் கையெழுத்துக்குப் பரிசு வாங்கினேன். அதனால் ஆள் வைத்து எழுதாமல் நானே எழுதுகிறேன்.

உதவித்தொகை கேட்டிருப்பது என் பேத்தி. எக்ஸ்ரே எடுக்கும் படிப்பு, இரண்டாம் வருடம். அவள் அப்பா, அதாவது என் மகன், லிஃப்ட் மெக்கானிக். போன வருடம் நெஞ்சுவலி வந்து போய்விட்டான். அவன் கைப்பட்ட லிஃப்ட்டெல்லாம் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, அது வேறு விஷயம். மருமகள் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்கிறாள். இந்த மாதக் கடைசிக்குள் படிப்புக்குப் பணம் கட்டாவிட்டால் பேத்தியின் பெயரை எடுத்துவிடுவார்களாம். இந்த நிலைமையில் உங்களிடமிருந்து வந்த தாளில் "போதிய வசதியுள்ள குடும்பம், ஆகவே நிராகரிக்கப்படுகிறது" என்று இருக்கிறது. அது எப்படி நடந்தது என்று நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்த வசதியைச் செய்தது நான்தான்.

உங்கள் ஆபீஸிலிருந்து வீட்டைப் பார்க்க ஆள் வருவதாகத் தகவல் வந்தபோது நான் ஒன்று யோசித்தேன் ஐயா. எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் கடன் கொடுப்பது யாருக்கு? வசதி உள்ளவனுக்கு. இல்லாதவன் போய் நின்றால் கடையைக் கழுவுகிறேன் பேர்வழி என்று காலில் தண்ணீர் ஊற்றுவார். கடைக்காரரே அப்படி என்றால் உங்கள் ஆபீஸ் எவ்வளவு பெரியது, நல்ல குடும்பம் என்று தெரிந்தால்தானே நம்பிக் கொடுப்பீர்கள் என்று கணக்குப் போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுத் தையல்காரர் முன்னறையில் ஒரு சிவப்பு சோபா உண்டு, அவரிடம் துணி தைக்க வருகிறவர்கள் காத்திருப்பதற்கு. அதைக் கேட்டேன். "எதுக்குக்கா?" என்றார். "உக்கார்றதுக்குத்தான், வேற எதுக்கு?" என்றேன். மாடியில் இருக்கிற ரிட்டயர்டு பஸ் கண்டக்டரிடம் ஃப்ரிட்ஜ் கேட்டேன். அவரும் தையல்காரரும் அதைப் படியில் இறக்குவதற்குள் ஒருவரையொருவர் திட்டி அப்பா வரை போய்விட்டார்கள்.

விசாரணைக்கு வந்த தம்பி நல்ல பையன், குறை சொல்ல மாட்டேன். சோபாவில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். உடனே கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் ஆள் உள்ளே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "என் பேன்ட் ரெடியா?" என்று கேட்டார். சோபா எங்கே போகிறதோ அங்கேதான் தையல்கடை என்று அவருக்கு நினைப்பு. "யாரும்மா இவரு?" என்றார் தம்பி. "தூரத்துச் சொந்தம்" என்றேன். "நானா?" என்றார் அந்த ஆள். அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து, தம்பிக்கு வியர்க்கிறதே, ஜில்லென்று தண்ணீர் கொடுப்போம் என்று ஃப்ரிட்ஜைத் திறந்தேன். உள்ளே தட்டுத் தட்டாகக் கண்டக்டரின் சட்டைகள், இஸ்திரி போட்டு மடித்தபடி. அந்த ஃப்ரிட்ஜ் ஓடி வருடக்கணக்காகிறதாம், அவர் அதை பீரோவாக வைத்திருக்கிறாராம், எனக்கு எப்படித் தெரியும்? தம்பி எட்டிப் பார்த்தார். "வெயில் காலம் பாருங்க, எங்க வீட்ல சட்டையெல்லாம் குளிர வெச்சுத்தான் போடுவோம்" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது ஐயா, திருப்பி உள்ளே போட முடியவில்லை. அவரும் எழுதிக்கொண்டார். உங்கள் தாளில் "ஆடைகளைக் குளிரூட்டும் வசதி உண்டு" என்று அச்சில் வந்திருப்பது அதுதான்.

அந்த நேரம் பார்த்துப் பேத்தி வகுப்பு முடிந்து வந்தாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை, சொன்னால் விட்டிருப்பாளா? சோபாவைப் பார்த்தாள், ஃப்ரிட்ஜைப் பார்த்தாள், சுவரோரம் பார்த்தாள். "ஆச்சி, அப்பா பெட்டி எங்க?" என்றாள். அது என் மகனின் இரும்புப் பெட்டி, ஸ்பானர் சாமான் வைக்கிறது. அதன் மேல் உட்கார்ந்துதான் அவள் படிப்பாள். மூலையெல்லாம் துரு, கிரீஸ் வாசனை வேறு, பார்க்க நன்றாக இருக்காது என்று குளியலறையில் வாளிக்குப் பின்னால் வைத்திருந்தேன். "எந்தப் பெட்டி?" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சோபாவில் இடம் இருந்தும் தரையில் உட்கார்ந்துகொண்டாள். தம்பி பேனாவை மூடிவிட்டுப் போனார்.

உங்கள் தாள் வந்த அன்று பேத்தி சத்தம் போடவில்லை. செருப்புக்கடையில் ஆள் எடுக்கிறார்களா என்று போய்க் கேட்டுவிட்டு வந்தாள், எடுக்கிறார்களாம். மருமகள்தான் பேசினாள். "அத்தை, உங்க கௌரவம் வந்து சோபாவில சாஞ்சு உக்காந்துக்கிச்சு, என் பொண்ணு படிப்பு வாசல்ல நிக்குது" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. வேலைக்குப் போகிறவளைத் தாமதப்படுத்த வேண்டாம் என்று அவள் டிபன் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன்.

ஆகவே ஐயா, கீழே கையெழுத்துப் போடும் நான் தெரிவித்துக்கொள்வது. எங்கள் வீட்டில் சோபா இல்லை. ஃப்ரிட்ஜ் இல்லை, ஓடாத ஃப்ரிட்ஜும் இல்லை. எங்கள் சட்டைகள் கொடியில் வெயிலில்தான் கிடக்கின்றன. பேன்ட் கேட்டு வந்தவர் எங்களுக்கு எந்த வகையிலும் உறவில்லை. எங்களுக்கு வசதி இல்லை என்று எழுதுவதில் எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது, வேண்டுமானால் இன்னும் பெரிய எழுத்தில் எழுதித் தருகிறேன். அந்தத் தம்பியையே மறுபடி அனுப்புங்கள், மாதக் கடைசிக்கு முன்னால். முன்னறிவிப்பு எதுவும் வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் வரலாம். இனி யாரிடமும் எதையும் இரவல் வாங்க மாட்டேன். இது என் மகன் மேல் சத்தியம்.

உங்கள் பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். இப்படி ஒரு ஆபீஸில் போய் நிற்கிற நிலைமை அவர்களுக்கு ஒருநாளும் வராமல் இருக்கட்டும். தம்பிக்கு என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
விண்ணப்பம் போட்ட பிள்ளையின் அப்பாவைப் பெற்றவள்.

பின்குறிப்பு: முன்னறிவிப்பு வேண்டாம் என்ற வரி பேத்தி பக்கத்தில் நின்று எழுத வைத்தது. இப்போது அவள் கவர் ஒட்டப் பசை வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள். ஒரு நாள் முன்னால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள் ஐயா. பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து துடைத்துவிட்டேன், தம்பி அதில்தான் உட்கார வேண்டும். ஆனால் துரு அவர் பேன்ட்டில் ஒட்டிவிடும். அதனால் மேலே விரிக்கத் தையல்காரரிடம் ஒரு பூப்போட்ட துணி கேட்டிருக்கிறேன். அந்தத் துணி எங்களுடையது இல்லை என்று இப்போதே எழுதிக்கொள்ளவும். பெட்டி எங்களுடையது.